தூக்கம் வரவில்லை என்று மாத்திரையை நிறுத்தலாமா?

மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடும் ஏலத்தோட்ட மக்கள் அறிய வேண்டியவை

வண்டன்மேடு: பொழுது விடியுமுன்பே கம்பம் பள்ளத்தாக்கு விழித்துக் கொள்கிறது. தூக்குவாளியில் சோறும் தோளில் பையுமாகப் பெண்கள் தெருமுனையில் ஜீப்புக்குக் காத்து நிற்கிறார்கள். கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் மலையேறும் ஜீப்புகள் வண்டன்மேடு, புளியமலை, அணைக்கரை சுற்றுவட்டாரத்து ஏலத்தோட்டங்களில் அவர்களை இறக்கி விடுகின்றன. நாள் முழுவதும் செடியின் அடியில் குனிந்து காய் எடுத்துவிட்டு, மாலையில் அதே ஜீப்பில் வீடு சேர்ந்தால் அடுப்பும் பிள்ளைகளும் காத்திருக்கும். நாலு மணிக்கு எழுந்த உடம்பு, படுத்த மாத்திரத்தில் தூங்கிவிட வேண்டியதுதான். ஆனால் எல்லோருக்கும் அந்தப் பாக்கியம் வாய்ப்பதில்லை.

காரணமில்லாமல் அழுகை வருவது, எதிலும் பற்றில்லாமல் போவது, சோறு இறங்காதது, இரவு மூன்று மணிக்கே விழிப்புத் தட்டி விட்டத்தைப் பார்த்துக் கிடப்பது என்ற நிலை வாரக்கணக்கில் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். டாக்டரிடம் போனால் மாத்திரை எழுதித் தருகிறார். சிக்கல் அதன் பிறகுதான் ஆரம்பமாகிறது. பத்து நாள் சாப்பிட்டும் தூக்கம் வருவதில்லை. சிலருக்கு இருந்த தூக்கமும் போய்விடுகிறது. வேறு சிலருக்கோ காலையில் கண்ணைத் திறக்க முடியாத அசதி. ஜீப்பைத் தவறவிட்டால் அன்றைய கூலி போச்சு. "இந்த மாத்திரை நமக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று யாரையும் கேட்காமல் நிறுத்திவிடுகிறார்கள்.

ஆபத்து இருப்பது இந்த இடத்தில்தான். பாதியில் நிறுத்திய நோய் முன்னிலும் வேகமாகத் திரும்பக் கூடும். தூக்கத்தைச் சரிசெய்ய வழிகள் பல உண்டு. மருந்தைத் தூக்கி எறிவது அந்த வழிகளில் சேராது.

நோயா, மருந்தா?

தூக்கம் கெடுவது மனச்சோர்வின் முக்கிய அறிகுறிகளில் ஒன்று. படுத்ததும் தூக்கம் பிடிக்காமை, இடையிடையே விழிப்பு, விடியுமுன்பே விழித்துக்கொண்டு மறுபடி கண்ணயர முடியாமை என்று இது பல விதம். சிலருக்கு எதிர்மாறாக எந்நேரமும் தூக்கம். ஆகவே மருந்து தொடங்கிய பின் தூக்கம் கெட்டால், முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: மாத்திரை சாப்பிடுவதற்கு முன்பு தூக்கம் எப்படி இருந்தது? அப்போதே கெட்டிருந்தால் அது பெரும்பாலும் நோயின் வேலை. மருந்து பிடித்ததும் தானாகச் சீராகும். அப்போது நன்றாகத் தூங்கி, மாத்திரை ஆரம்பித்த பிறகுதான் கெட்டது என்றால் மருந்தின் வேலையாக இருக்கலாம். டாக்டர் அளவையோ நேரத்தையோ மாற்றித் தருவார்.

மூன்றாவது காரணமும் உண்டு. 2018 ஆகஸ்டில் பெய்த பெருமழை இடுக்கி மாவட்டத்தின் மலைகளைப் பல இடங்களில் சரித்தது. 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு பக்கத்து ராஜமலை அருகே பெட்டிமுடியில் தோட்ட லயங்களின் மீது மண் சரிந்து 70 பேர் மாண்டனர். பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். அதன் பிறகு மழைச் சத்தம் கேட்டாலே எழுந்து உட்காருகிறவர்கள் மலையில் இல்லாமல் இல்லை. பயத்தால் வரும் விழிப்பு வேறு, சோர்வால் வரும் விழிப்பு வேறு. எது என்று டாக்டரிடம் பிரித்துச் சொல்ல வேண்டும்.

தூக்க மாத்திரை வேறு, இது வேறு

மனச்சோர்வு மாத்திரையைத் தூக்க மாத்திரை என்று நினைப்பது பரவலான தவறு. தூக்க மாத்திரை சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் வேலை செய்யும். மனச்சோர்வு மருந்து அப்படியல்ல. குணம் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும். முழுப் பலன் கிட்ட 6 முதல் 8 வாரம் கூட ஆகலாம். ஆனால் பக்க விளைவுகள் முதல் வாரத்திலேயே தலைகாட்டிவிடும். குமட்டல், படபடப்பு, தூக்கக் கேடு எல்லாம் முன்னால் வர, நன்மை பின்னால் வருகிறது. இந்த இடைவெளியைத் தாண்டும் பொறுமை இல்லாததால்தான் பலர் நிறுத்திவிடுகிறார்கள்.

இந்த மருந்துகள் கண்டறியப்பட்ட கதையும் சுவையானதே. 1952-ல் அமெரிக்காவில் காசநோயாளிகளுக்கு இப்ரோனியாசிட் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது, படுக்கையில் கிடந்தவர்கள் உற்சாகமாகி எழுந்து நடமாடியதைக் கண்டு டாக்டர்கள் வியந்தார்கள். அதே பத்தாண்டில் சுவிட்சர்லாந்தில் ரோலண்ட் குன் என்ற மனநல டாக்டர், வேறொரு மனநோய்க்காகச் சோதித்த இமிப்ரமின் அதற்குப் பயன்படாமல் மனச்சோர்வைத் தணிப்பதைக் கண்டு 1957-ல் வெளியிட்டார். 1987 இறுதியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃப்ளூஆக்ஸெடின், அதன் வழியில் வந்த செர்ட்ராலின், எஸ்சிடாலோபிராம் முதலியவை இன்று மிகுதியாக எழுதித் தரப்படுகின்றன.

இவை போதை தருபவை அல்ல. நாளுக்கு நாள் அளவைக் கூட்டச் சொல்லி ஏங்க வைப்பவையும் அல்ல. "பழகிவிட்டால் விட முடியாது" என்ற பயம், அல்பிரசோலம், டயஸபாம், குளோனசிபம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகளுக்குத்தான் பொருந்தும். அவை சில நாளைக்கு, சில வாரத்துக்கு உதவும். நீண்ட நாள் சாப்பிட்டால் அடிமைப்படுத்தும். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத எச்-1 பட்டியல் இந்தியாவில் 2014 மார்ச் முதல் அமலில் இருக்கிறது. அல்பிரசோலம், டயஸபாம் போன்றவை அதில் அடங்கும். வாங்குபவர் பெயரையும் எழுதிய டாக்டர் பெயரையும் கடைக்காரர் குறித்து வைக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தார் என்று ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது, ஒரு நோயோடு இன்னொரு நோயை விலைக்கு வாங்குவதற்குச் சமம்.

காலையா, இரவா?

எல்லா மனச்சோர்வு மருந்துகளும் தூக்கத்தை ஒரே மாதிரி பாதிப்பதில்லை. ஃப்ளூஆக்ஸெடின், வென்லாபாக்ஸின், புப்ரோபியான் ஆகியவை பலருக்குச் சுறுசுறுப்பைத் தருபவை. இவற்றை இரவில் சாப்பிட்டால் தூக்கம் தள்ளிப்போகலாம். காலையில் சாப்பிடுவதே வழக்கம். அமிட்ரிப்டிலின், மிர்டாசபின், ட்ரஸோடோன் ஆகியவை தூக்கம் வரவழைப்பவை. இவை இரவு மருந்துகள். செர்ட்ராலின், எஸ்சிடாலோபிராம் போன்றவை ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும் அதே மாத்திரை இன்னொருவரை அசத்திவிடும்.

ஆகவே தூக்கம் கெட்டால் டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "வேளையை மாற்றலாமா?" என்பதே. பல சமயம் மருந்தை மாற்றாமல் வேளையை மாற்றினாலே போதும். இரவு மாத்திரையின் மயக்கம் காலையிலும் விடவில்லை என்றால், அதைப் படுக்கும்போது சாப்பிடாமல் இரவுச் சாப்பாட்டோடு சற்று முன்னதாகச் சாப்பிடலாமா என்று கேட்கலாம். நாலு மணிக்கு எழ வேண்டியவருக்கு இது முக்கியம். "நான் விடியுமுன் எழுந்து மலைக்கு வேலைக்குப் போகிறவள்" என்ற ஒரு வாக்கியத்தை டாக்டரிடம் சொல்லத் தவறக் கூடாது. எத்தனை மணிக்கு எழுகிறார் என்பது தெரியாமல் எழுதப்பட்ட சீட்டு, பாதிச் சீட்டுதான்.

ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளையில் இரண்டாகச் சேர்த்துச் சாப்பிடக் கூடாது.

கெட்ட கனவும் கால் குடைச்சலும்

மனிதத் தூக்கம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரச் சுற்றுகளாக நடக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் கண்விழிகள் மூடிய இமைக்குள் வேகமாக அசையும் ஒரு கட்டம் வரும். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான் தோன்றும். பல மனச்சோர்வு மருந்துகள் இந்தக் கட்டத்தைக் குறைக்கின்றன. திடீரென்று மருந்தை நிறுத்தினால் அடக்கி வைத்த கனவெல்லாம் அணை உடைந்தது போல் வரும். பயங்கரக் கனவு கண்டு அலறி எழுந்தவர்கள், "பேய் பிடித்தது" என்று மந்திரிக்கப் போவதற்கு முன், இரண்டு நாளாக மாத்திரை தவறியதா என்று பார்ப்பது நல்லது. தலைச்சுற்றல், எரிச்சல், உடம்பில் மின்சாரம் பாய்ந்தது போன்ற உணர்ச்சி ஆகியவையும் திடீரென நிறுத்துவதால் வருவதுண்டு. மருந்தை விட வேண்டிய காலம் வந்தால் டாக்டர் அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்து விடச் செய்வார்.

படுத்ததும் கால்களைச் சும்மா வைத்திருக்க முடியாமல் குடைச்சல் எடுப்பது இன்னொரு தொல்லை. சில மனச்சோர்வு மருந்துகள் இதை அதிகப்படுத்தும். உடலில் இரும்புச் சத்துக் குறைந்தாலும் இது வரும். ரத்தசோகை உள்ள பெண்கள் இதை "வேலை செய்த அலுப்பு" என்று ஒதுக்கிவிடாமல் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பலத்த குறட்டையும் இடையில் மூச்சு நின்று திணறுவதும் இருந்தால் அது தனி நோய். டாக்டரிடம் சொல்லியாக வேண்டும்.

இரண்டு மாநிலம், இரண்டு சீட்டு

எல்லைப்புறத்து மக்களுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. வேலை நாளில் உடம்பு சரியில்லை என்றால் மலையிலேயே கட்டப்பனையிலோ நெடுங்கண்டத்திலோ காட்டுகிறார்கள். ஊருக்கு இறங்கினால் கம்பத்திலோ தேனியிலோ காட்டுகிறார்கள். அந்த டாக்டருக்கு இந்தச் சீட்டு தெரியாது. இவருக்கு அது தெரியாது. ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் வந்து, இரட்டிப்பு அளவில் வயிற்றுக்குள் போக இடம் உண்டு. உடல்வலிக்குத் தரப்படும் ட்ரமடால், இருமல் மருந்துகளில் உள்ள டெக்ஸ்ட்ரோமெதார்பன் ஆகியவை சில மனச்சோர்வு மருந்துகளோடு சேர்ந்தால் நடுக்கம், காய்ச்சல், பதற்றம் என்று ஆபத்தில் கொண்டு விடலாம். வலி மாத்திரைகளான ஐபுப்ரோபென், டைக்ளோபெனாக் சேர்ந்தால் ரத்தக் கசிவு வாய்ப்புக் கூடும். குனிந்து குனிந்து இடுப்பு வலித்து இவற்றை மிட்டாய் போல் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

இதற்கு வழி எளிது. சீட்டுகளையும் காலி மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் போட்டு வைத்து, எந்த டாக்டரிடம் போனாலும் அந்தப் பையைக் கொண்டுபோக வேண்டும். மொழியும் தடையாக இருக்கத் தேவையில்லை. "உறக்கம் இல்லை" என்றாலே மலையாள டாக்டருக்கு விளங்கும். ஆனால் அதோடு நிறுத்தினால் வெறும் தூக்க மாத்திரையோடு திரும்ப நேரலாம். எத்தனை மணிக்குப் படுக்கிறது, எப்போது தூக்கம் பிடிக்கிறது, எத்தனை முறை விழிப்பு, எத்தனை மணிக்கு எழுகிறது என்ற நான்கையும் ஒரு வாரம் ஒரு தாளில் குறித்துக் காட்டினால், அது அரைமணிப் பேச்சுக்கு ஈடாகும்.

ஜீப் ஓட்டுகிறவர்களுக்கு

கொண்டை ஊசி வளைவில், பனிமூட்டத்தில், ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓட்டும் டிரைவர் தூக்கம் வரவழைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால், அது அவர் ஒருவரின் பிரச்சினை அல்ல. புதிதாக மருந்து தொடங்கிய நாட்களிலும் அளவு கூட்டிய நாட்களிலும் வண்டி ஓட்டாமல் இருக்க வேண்டும். தலைப்பாரம் இல்லை என்று உறுதியான பிறகே ஸ்டியரிங்கைத் தொட வேண்டும். தன் தொழில் என்ன என்று டாக்டரிடம் சொன்னால் மயக்கம் குறைந்த மருந்தாகப் பார்த்துத் தருவார். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் இரவெல்லாம் தீ பார்க்கிறவர்களும் இதே எச்சரிக்கையைக் கொள்ள வேண்டும். அவர்கள் பகலில் தூங்கும் அறையை இருட்டாக்கி, தினமும் ஒரே நேரத்தில் படுப்பது உதவும்.

மருந்தில்லாத வைத்தியம்

நாட்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மாத்திரை அல்ல, பழக்கத்தை மாற்றும் பயிற்சியே என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-ல் பரிந்துரைத்தது. மனச்சோர்வு மருந்து சாப்பிடுகிறவர்களும் இதைச் சேர்த்தே செய்யலாம். ரிச்சர்ட் பூட்ஸின் என்ற உளவியலாளர் 1972-ல் வகுத்த விதிகள் இன்றும் இதற்கு அடிப்படை. காசு செலவில்லாத விதிகள் அவை.

தூக்கம் கண்ணைச் சுழற்றும்போதுதான் படுக்க வேண்டும். படுத்துச் சுமார் இருபது நிமிடமாகியும் தூக்கம் வராவிட்டால் புரண்டுகொண்டு கிடக்காமல் எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் ஏதாவது சிறு வேலை பார்க்க வேண்டும். தூக்கம் வந்த பின் மறுபடி படுக்கலாம். கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழும் நேரம் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்று பத்து மணிவரை கிடந்தால் அன்று இரவு தூக்கம் வராது. பகல் தூக்கம் கூடாது. தவிர்க்க முடியாவிட்டால் மதியம் அரைமணிக்கு மேல் வேண்டாம். படுக்கை தூங்குவதற்கே, கைப்பேசி பார்க்கவும் கடன் கணக்குப் போடவும் அல்ல.

லயத்தில் ஒரே அறையில் ஐந்தாறு பேர் படுக்கும் வீட்டில் இதையெல்லாம் எப்படிச் செய்வது என்று கேட்கலாம். முழுவதும் முடியாதுதான். ஆனால் எழும் நேரத்தை மாற்றாமல் வைத்திருப்பதும், காலை வெளிச்சத்தில் சிறிது நேரம் நிற்பதும், கைப்பேசியைத் தலைமாட்டிலிருந்து அகற்றுவதும் எந்த வீட்டிலும் முடியும். வெயிலிலும் நிழலிலும் உழைக்கும் தோட்டத் தொழிலாளிக்கு உடற்பயிற்சி தனியாகத் தேவையில்லை. அது அவருக்குக் கிடைத்த ஒரு சலுகை.

மலைக் குளிருக்குக் கடுங்காப்பியும் கட்டன் சாயாவும் துணை. ஆனால் அதிலுள்ள காபின் பாதியளவு வெளியேறவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். மதியத்துக்குப் பின் நிறுத்திக்கொள்வது நல்லது. புகையிலையும் பீடியும் தூக்கத்தை விரட்டுபவையே. ஆண்களில் சிலர் தூக்கம் வரட்டும் என்று குடிக்கிறார்கள். மது முதல் பாதி இரவு அசத்திவிட்டுப் பின்பாதியைக் கலைத்துவிடும்; மாத்திரையோடு சேர்ந்தால் மூச்சையும் அடக்கலாம். மனச்சோர்வையும் அதுவே வளர்க்கும்.

உடனே டாக்டரிடம் போக வேண்டியது எப்போது?

மருந்து தொடங்கியபின் ஒருவர் இரண்டு மூன்று மணி நேரமே தூங்கியும் களைப்பில்லாமல், ஓயாத பேச்சும் கைமீறிய செலவும் பெரிய திட்டங்களுமாக இருந்தால், "குணமாகிவிட்டது" என்று மகிழ்ந்துவிடக் கூடாது. அது மனம் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டதன் அடையாளமாக இருக்கலாம். அன்றே டாக்டரிடம் அழைத்துப்போக வேண்டும்.

முதல் சில வாரங்களில், முக்கியமாக 25 வயதுக்கு உட்பட்டவர்களிடம், அமைதியின்மையும் சாகும் எண்ணமும் தலைதூக்கக் கூடும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2004-லும் 2007-லும் எச்சரித்திருக்கிறது. ஆகவே அந்த நாட்களில் வீட்டார் அருகில் இருக்க வேண்டும். மாத்திரையை மொத்தமாக நோயாளியின் கையில் கொடுக்காமல் வேறொருவர் வைத்திருந்து தர வேண்டும். ஏலத்தோட்டத்து வீடுகளில் பூச்சிமருந்து டப்பா கைக்கெட்டும் இடத்தில் இருப்பது சாதாரணம். அதைப் பூட்டி, சாவியை மற்றொருவர் வைத்துக்கொள்வது எந்த மாத்திரையையும் விடப் பெரிய காவல். தூக்கமில்லாத இரவின் மூன்று மணிக்கு மனத்தில் தோன்றும் எண்ணம், கைக்கருகே வழியில்லாவிட்டால் விடியும்போது தணிந்துவிட இடம் உண்டு.

எங்கே கேட்பது?

தேசிய மனநல ஆய்வு 2015-16-ல் தமிழகம், கேரளம் உட்பட 12 மாநிலங்களில் நடந்தது. ஏறக்குறைய இருபது பேரில் ஒருவர் வாழ்வில் எப்போதாவது மனச்சோர்வுக்கு ஆளானவர் என்று அது கண்டது. ஒரு ஜீப்பில் ஏறுகிறவர்களை எண்ணிப் பார்த்தால், இது எவ்வளவு பக்கத்தில் இருக்கும் நோய் என்பது விளங்கும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேரளத்தில் ஆரம்ப சுகாதார நிலைய அளவிலேயே மனச்சோர்வைக் கண்டறிந்து சிகிச்சை தர "ஆஸ்வாசம்" திட்டம் இருக்கிறது. கீழே தேனி மாவட்டத்தில், க.விலக்கில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. எங்கும் போக முடியாத நேரத்தில், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்; தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.

குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது மருந்தைத் தொடர வேண்டும் என்பது பொதுவான மருத்துவ முறை. நட்ட ஏலச்செடி காய்க்க இரண்டு மூன்று வருடம் காத்திருக்கத் தெரிந்தவர்கள் இந்த மலை மக்கள். வேர் பிடிப்பதற்குள் செடியைப் பிடுங்கிப் பார்க்கிறவர்கள் இங்கே யாரும் இல்லை. மாத்திரைக்கும் அந்தப் பொறுமையைக் கொடுத்து, தூக்கக் கேட்டை மறைக்காமல் டாக்டரிடம் சொன்னால், நாலு மணிக்கு ஜீப்புக்கு எழுகிறவரும் அதுவரை நிம்மதியாகத் தூங்கி எழலாம்.